நரம்புச் சிலந்தி முதல் காணாக்கடி வரை: ஒட்டுண்ணிப் புழுத் தொற்றின் அரிய தோல் அறிகுறிகள்

ஆய்வுச் சுருக்கம்

மனித உடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களுள் சில, தம் வாழ்க்கைச் சுழற்சியின் ஏதேனும் ஒரு கட்டத்தில் தோலில் தடம் பதிக்கின்றன. அத்தடங்கள் படர்தாமரை, கரப்பான், காணாக்கடி, சேற்றுப்புண் முதலிய பழகிய தோல்நோய்களை ஒத்திருப்பதால் பலவேளைகளில் அவ்வாறே கருதப்பட்டு மருந்தளிக்கப்படுகின்றன. நரம்புச் சிலந்தி, விலங்கின் கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்டஸ், நாத்தோஸ்டோமா, லோவா இழைப்புழு, பன்றி நாடாப்புழு ஆகியவற்றின் தோல் அறிகுறிகளை இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது. தோல்குறியின் வடிவத்தைக் காட்டிலும் அது நகரும் வேகம், தோன்றும் இடம், மறைந்து மீளும் முறை ஆகியவையே புழுவை இனங்காட்டுகின்றன என்பதும், ஸ்ட்ராங்கிலாய்டஸ் தொற்றைக் காணாக்கடி எனக் கொண்டு ஸ்டீராய்டு மருந்தளிப்பது உயிருக்கே தீங்காக முடியலாம் என்பதும் இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: ஒட்டுண்ணிப் புழு, தோல் அறிகுறி, நரம்புச் சிலந்தி, கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்டஸ், காணாக்கடி, ஸ்டீராய்டு.

முன்னுரை

புழுத்தொற்று என்றவுடன் வயிற்றுவலி, சோகை, பசியின்மை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. பள்ளிப் பாடநூல்களும் நலவாழ்வுப் பரப்புரைகளும் புழுவைக் குடலோடு இணைத்தே கற்பித்து வந்துள்ளன. ஆனால் மருத்துவ வரலாற்றில் புழுநோய்கள் பல முதலில் அறியப்பட்டது தோலின் வழியாகவே ஆகும். கண்ணுக்குத் தெரிந்ததற்கு மக்கள் பெயரிட்டனர். கண்ணில் நிலைத்து நில்லாதது பெயர் பெறவில்லை.

நோயாளி மருத்துவரிடம் வரும்போது நோயை மட்டும் கொண்டுவருவதில்லை. அதற்குத் தாம் வழங்கும் ஒரு சொல்லையும் கொண்டுவருகிறார். ‘படர்தாமரை வந்திருக்கிறது’, ‘காணாக்கடி போலத் தடித்துத் தடித்துப் போகிறது’ என்று அவர் சொல்லும்போது, அச்சொல்லே மருத்துவரின் எண்ணத்தை ஒரு திசையில் செலுத்திவிடுகிறது. ஆகவே, அரிய தோல் அறிகுறிகளைப் பற்றிய விளக்கம் மருத்துவ அறிவோடு தமிழில் வழங்கும் நோய்ச்சொற்களின் எல்லையையும் கருத்திற்கொள்ள வேண்டியுள்ளது. இந்நோக்கிலேயே இக்கட்டுரை அமைகிறது.

1. பெயரே விளக்கமான நோய்: நரம்புச் சிலந்தி

டிராகன்குலஸ் மெடினென்சிஸ் என்னும் புழுவால் உண்டாகும் நோயைத் தமிழ் ‘நரம்புச் சிலந்தி’ எனக் குறித்தது. இங்குச் சிலந்தி என்பது வலை பின்னும் பூச்சியைச் சுட்டாது. கொப்புளம், கட்டி என்னும் பொருளில் வரும் சொல்லாகும். நரம்பு என்பதும் இன்றைய உடலியங்கியல் சுட்டும் உணர்வு நரம்பன்று. யாழ் நரம்பு என்பதிற்போல நீண்ட இழையைக் குறிப்பது. இழை வெளிவரும் கட்டி என்பதே இப்பெயரின் பொருள். நோயின் தோல் அறிகுறியை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

இப்புழுவின் இளவுயிரிகள் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரியினுள் இருக்கின்றன. உருசிய அறிஞர் அலெக்சி ஃபெட்சென்கோ 1870ஆம் ஆண்டளவில் துருக்கிஸ்தானில் செய்த ஆய்வில் இவ்வுண்மையைக் கண்டறிந்தார். வடிகட்டாத குளத்துநீரைப் பருகுவோரின் உடலில் இளவுயிரி புகுந்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் எவ்வித அறிகுறியுமின்றி வளர்கிறது. முதிர்ந்த பெண்புழு ஒரு மீட்டர் வரை நீளக்கூடும். அது தோலுக்கு அடியில் இறங்கி, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கடும் எரிச்சலுடன் கூடிய கொப்புளத்தை எழுப்புகிறது. எரிச்சலைத் தணிக்க நோயாளி காலை நீரில் வைக்கும்போது கொப்புளம் உடைந்து, புழு தன் இளவுயிரிகளை நீரில் விடுகிறது. நோயாளியின் துயர் தீர்க்கும் செயலே புழுவின் பரவலுக்கு வழியாகிறது.

வெளிவந்த புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் பலநாள் இழுத்து எடுப்பதே தொன்றுதொட்டு வந்த மருத்துவம். இன்றும் இதற்கு மாற்றான மருந்து இல்லை. விரைந்து இழுத்தால் புழு அறுந்து, உள்ளே தங்கும் பகுதி கடும் அழற்சியை உண்டாக்கும்.

இந்தியாவில் தேசிய ஒழிப்புத் திட்டம் 1983-84இல் தொடங்கப்பட்டபோது நோய் வழங்கிய மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இடம்பெற்றிருந்தது. நாட்டின் கடைசி நோயாளி 1996இல் இராசத்தானில் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 1986இல் உலக அளவில் ஏறத்தாழ 35 இலட்சமாக மதிப்பிடப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 2022இல் 13ஆகக் குறைந்தது. தடுப்பூசியோ மருந்தோ இல்லாமல், நீரைத் துணியால் வடிகட்டுதல், படிக்கிணறுகளை மாற்றியமைத்தல், புண்ணுள்ளோரை நீர்நிலையில் இறங்காது காத்தல் ஆகியவற்றாலேயே இது இயன்றது. தோல் அறிகுறி எவரும் தவறவிட முடியாதபடி தெளிவாக இருந்தமையால், ஒவ்வொரு நோயாளியையும் ஊரறியக் கண்டறிய முடிந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. இனி வரும் நோய்களுக்கு இத்தெளிவு இல்லை.

2. நாள்தோறும் நீளும் கோடு: விலங்கின் கொக்கிப்புழு

கொக்கிப்புழு தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது என்பது தற்செயலாக அறியப்பட்டது. கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ், விலங்குகளுக்கு இளவுயிரிகளைக் கொடுத்து ஆய்ந்துகொண்டிருந்தபோது அந்நீர்மம் அவர் கையில் சிந்தியது. அவ்விடம் சிவந்து அரித்தது. பின்னர்த் தம் மலத்தைச் சோதித்தபோது அதில் கொக்கிப்புழுவின் முட்டைகளைக் கண்டார். 1898இல் அவர் வெளியிட்ட இம்முடிவு தொடக்கத்தில் ஐயத்துடனேயே நோக்கப்பட்டது. மனிதக் கொக்கிப்புழு நுழையும் இடத்தில், குறிப்பாகக் கால்விரல் இடுக்கில், தோன்றும் அரிப்பும் சிறு கொப்புளங்களும் சில நாளில் அடங்கிவிடும். வயலில் நிற்போர் இதனையும் ‘சேற்றுப்புண்’ என்றே கொள்ள வாய்ப்புண்டு.

நாய், பூனை ஆகியவற்றின் கொக்கிப்புழுக்கள் மனிதத் தோலில் நுழையும்போது நிகழ்வது வேறு. மேல்தோலைத் துளைத்த இளவுயிரியால் அதற்கு அடியிலுள்ள படலத்தைக் கடந்து ஆழமாகச் செல்ல இயல்வதில்லை. மனிதன் அதற்கு உரிய ஓம்புயிரி அல்லன். ஆகவே அது மேல்தோலுக்குள்ளேயே வழிதேடி அலைகிறது. அதன் பாதை, சில மில்லிமீட்டர் அகலமுள்ள, வளைந்து வளைந்து செல்லும் சிவந்த மேடாகத் தோலில் எழுகிறது. நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் முதல் இரண்டொரு சென்டிமீட்டர் வரை அது நீள்கிறது. இரவில் அரிப்பு மிகுகிறது. நாயும் பூனையும் திரியும் கடற்கரை மணலிலோ கட்டுமானத்திற்காகக் குவித்த மணலிலோ வெறுங்காலுடன் நடப்போர்க்கும் அமர்ந்து விளையாடும் சிறுவர்க்கும் பாதத்திலும் பிட்டத்திலும் இது தோன்றுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1920களில் நடந்த ஆய்வுகள் இக்கோட்டுக்கும் ஆன்சிலோஸ்டோமா பிரேசிலியன்ஸ் என்னும் புழுவுக்கும் உள்ள தொடர்பை நிறுவின.

வளைந்த சிவந்த விளிம்பைக் கொண்டு இதனைப் படர்தாமரை என மயங்குவது எளிது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு வளர்ச்சி முறையில் உள்ளது. படர்தாமரை நடுவிலிருந்து வட்டமாக விரிந்து ஓரத்தில் செதிலுதிர்க்கும். புழுவின் கோடோ ஒரு முனையில் மட்டுமே நீளும். மறுமுனை காய்ந்து மங்கும். இரவில் கோட்டின் முனையைப் பேனாவால் குறித்து, மறுநாள் ஒப்பிட்டாலே உண்மை புலப்படும். மற்றொன்றும் கருதத்தக்கது. புழு கோட்டின் முனையில் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் முனையைக் கடந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னே சென்றிருக்கும். கோடு என்பது புழு சென்ற வழிக்கு உடல் காட்டும் காலம் தாழ்ந்த எதிர்வினையாகும். முனையை உறையவைத்துப் புழுவைக் கொல்ல முயன்ற பழைய மருத்துவமுறை பலவேளைகளில் பயனளிக்காமைக்கு இதுவே காரணம். இன்று ஆல்பெண்டசோல், ஐவர்மெக்டின் ஆகியவற்றுள் ஒன்றை உட்கொள்வதால் குணம் கிடைக்கிறது. மருந்தின்றியும் வாரங்களிலோ மாதங்களிலோ புழு மடிந்துவிடும். எனவே இங்குப் பிழையறிதல் தொல்லையைத் தருமேயன்றி உயிருக்கு ஊறு செய்வதில்லை. அடுத்துக் காணவிருக்கும் புழுவின் நிலை அவ்வாறன்று.

3. மணிக்கணக்கில் ஓடும் கோடு: ஸ்ட்ராங்கிலாய்டஸ்

1876இல் இந்தோசீனத்திலிருந்து திரும்பிய பிரெஞ்சுப் படைவீரரின் வயிற்றுப்போக்கை ஆராய்ந்த லூயி நோர்மன் இப்புழுவைக் கண்டறிந்தார். இதுவும் மண்ணிலிருந்து தோலைத் துளைத்தே உடலில் புகுகிறது. ஆயின் பிற குடற்புழுக்களிடம் பெரிதும் காணப்படாத ஓர் இயல்பு இதற்கு உண்டு. கொக்கிப்புழுவின் முட்டை வெளியேறி, மண்ணில் பொரித்து, மீண்டும் ஒருவரைத் தொற்றவேண்டும். ஸ்ட்ராங்கிலாய்டஸின் முட்டையோ குடலுக்குள்ளேயே பொரிக்கிறது. இளவுயிரிகளுள் சில வெளியேறுவதற்கு முன்பே தொற்றும் வடிவத்தை அடைந்து, குடற்சுவரையோ குதத்தைச் சூழ்ந்த தோலையோ துளைத்து மீண்டும் உடலுக்குள் புகுந்துவிடுகின்றன. இத்தன்தொற்று காரணமாக, ஒருமுறை புகுந்த புழுவின் வழித்தோன்றல்கள் நோயாளியின் வாழ்நாள் முழுவதும் நீடிக்கலாம்.

குதத்தைச் சூழ்ந்த தோலில் புகும் இளவுயிரி விட்டுச்செல்லும் தடமே இந்நோயின் தனி அறிகுறி. பிட்டம், தொடை, இடுப்பு, வயிறு ஆகிய இடங்களில் தடித்த சிவந்த கோடு திடீரெனத் தோன்றி, மணிக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை ஓடுகிறது. சில மணிநேரத்திலோ ஓரிரு நாளிலோ சுவடின்றி மறைகிறது. வாரங்கள், மாதங்கள் கழித்து மீண்டும் வருகிறது. 1958இல் ஆர்தர், ஷெல்லி என்னும் இரு தோல் மருத்துவ அறிஞர்கள் இதனை விலங்கின் கொக்கிப்புழுக் கோட்டிலிருந்து பிரித்து, ‘ஓடும் இளவுயிரி’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் வழங்கினர். முன்னதற்கு ‘அலையும் இளவுயிரி’ என்பது பெயர். இரண்டையும் பிரிப்பது வேகமே என்பதை இப்பெயர்களே காட்டுகின்றன.

இங்குத்தான் தமிழில் வழங்கும் ‘காணாக்கடி’ என்னும் சொல் சிக்கலாகிறது. கடித்த பூச்சி இன்னதென்று காணப்படாத நிலையில், திடீரெனத் தோன்றி மறையும் தடிப்பை இச்சொல் சுட்டுகிறது. ஒவ்வாமைத் தடிப்புக்கு இது பொருந்திய சொல்லே. ஸ்ட்ராங்கிலாய்டஸின் கோடும் வந்து மறைவதால், மருத்துவரிடம் காட்டும் வேளையில் தோலில் எதுவும் இராது. நோயாளியின் சொல் மட்டுமே சான்றாக எஞ்சுகிறது. அவர் காணாக்கடி என்கிறார். ஒவ்வாமை என்று குறிப்பெழுதப்படுகிறது. நரம்புச் சிலந்தி என்னும் சொல் காரணத்தைக் கண்ணில் காட்டியது; காணாக்கடி என்னும் சொல் காரணம் காணப்படவில்லை என்பதை மட்டுமே கூறி நின்றுவிடுகிறது.

இத்தொற்று எத்துணைக் காலம் நீடிக்கும் என்பதற்கு இரண்டாம் உலகப்போர் தந்த சான்று துயரமானது. 1942-43இல் சப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில் பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வெறுங்காலுடன் சேற்றில் உழைத்தனர். தாயகம் திரும்பிய பிரிட்டானியக் கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியினர் பரிசோதித்து 1979இல் வெளியிட்ட ஆய்வு, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களுள் பலரிடம் இப்புழு உயிருடன் இருந்ததையும், ஓடும் கோடு அவர்களிடம் காணப்பட்ட முதன்மையான அறிகுறியாக இருந்ததையும் தெரிவித்தது. அதே பாதையில் போர்க்கைதிகளைக் காட்டிலும் மிகுதியான எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர் உழைத்தனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் அவர்களுள் அடங்குவர். அதே சேற்றில் நின்ற அவர்கள் உயிர்தப்பித் தோட்டத்துக்குத் திரும்பியபோது, அவ்வப்போது இடுப்பில் ஓடி மறைந்த கோட்டைப் பார்த்துப் புழு என்று சொல்ல அவர்களுக்கு லிவர்பூல் போன்ற ஒரு மருத்துவமனை வாய்க்கவில்லை.

4. ஸ்டீராய்டு விளைக்கும் கேடு

ஒவ்வாமைத் தடிப்புக்கும் கரப்பானுக்கும் ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்டு பயன்மிக்க மருந்து. ஆனால் ஸ்ட்ராங்கிலாய்டஸ் தொற்றுள்ள உடலில் அது, புழுவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தளர்த்துகிறது. தன்தொற்று பன்மடங்காகப் பெருகுகிறது. இளவுயிரிகள் குடற்சுவரைத் துளைத்து நுரையீரல், மூளை, கல்லீரல் ஆகியவற்றுக்குப் பரவுகின்றன. குடலிலுள்ள பாக்டீரியாக்களையும் உடன்கொண்டு செல்வதால் குருதிநச்சும் மூளைச்சவ்வு அழற்சியும் தோன்றுகின்றன. இந்நிலையை அடைந்தோருள் பெரும்பாலோர், உரிய மருந்து கிடைக்காவிடின், உயிரிழக்கின்றனர்.

இக்கட்டத்திலும் தோல் ஓர் அறிகுறியைத் தருகிறது. கொப்பூழைச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பதித்தாற்போன்ற ஊதாநிறப் புள்ளிகளும் திட்டுகளும் தோன்றித் தொடைவரை பரவுகின்றன. இளவுயிரிகள் தோலின் நுண்ணிய குருதிக்குழாய்களைத் துளைப்பதால் இது நேர்கிறது. இதனை மருந்தின் பக்கவிளைவு என்றோ குருதி உறைதல் குறைபாடு என்றோ மயங்குவது இயல்பு. இவ்வறிகுறியை இனங்கண்டு உடனே ஐவர்மெக்டின் அளித்தால் சிலரையேனும் காக்க முடியும்.

ஆய்வகச் சோதனையும் இங்கு முழுத் துணையாவதில்லை. ஒருமுறை மட்டும் செய்யப்படும் மலச்சோதனை தொற்றைத் தவறவிடும் வாய்ப்பு மிகுதி. பலநாள் மலச்சோதனை, அகார் தட்டு வளர்ப்பு, குருதியில் எதிர்ப்பொருள் சோதனை ஆகியவை தேவைப்படுகின்றன. குருதியில் இயோசினோஃபில் அணுக்கள் மிகுந்திருப்பது புழுவைச் சுட்டும் குறிப்பாகும். ஆனால் ஸ்டீராய்டு அவ்வணுக்களைக் குறைத்துவிடுவதால், அம்மருந்தை உட்கொள்பவரிடம் அக்குறிப்பும் மறைந்துவிடுகிறது. நோயை வளர்க்கும் மருந்தே நோயின் சான்றையும் அழிக்கிறது. 2020இல் கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் பரவலாக அளிக்கப்படத் தொடங்கியபோது, வெப்பமண்டல நாடுகளில் பிறந்தோர்க்கு முன்கூட்டிச் சோதனையோ ஐவர்மெக்டினோ அளிக்கவேண்டும் என்று மருத்துவ ஏடுகள் எச்சரித்தமை இதனாலேயாகும்.

5. இடம் மாறும் வீக்கமும் நகராத முடிச்சும்

நாத்தோஸ்டோமா என்னும் புழு, 1836இல் இலண்டனில் இறந்த புலியின் இரைப்பையில் ரிச்சர்ட் ஓவனால் கண்டறியப்பட்டது. நன்கு வேகாத நன்னீர் மீன், விலாங்கு, தவளை ஆகியவற்றை உண்போர்க்கு இது தொற்றுகிறது. தாய்லாந்திலும் சப்பானிலும் மெக்சிகோவிலும் இது நன்கறியப்பட்ட நோய். உண்ட சில வாரங்களுக்குப் பின் உடலில் ஓரிடத்தில் அரிப்பும் வலியும் உள்ள வீக்கம் தோன்றி, ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்து, பிறிதோரிடத்தில் எழுகிறது. இப்புழு ஆழத்தில் செல்வதால் கோடு அரிது, வீக்கமே மிகுதி. அது கண்ணுக்கோ மூளைக்கோ செல்லுமாயின் பெருங்கேடு விளையும்.

மேற்கு, நடு ஆப்பிரிக்காவில் வழங்கும் லோவா இழைப்புழுவும் இடம் மாறும் வீக்கத்தைத் தருகிறது. நைசீரியாவின் கலபார் நகரப் பெயரால் வழங்கும் அவ்வீக்கம், பெரும்பாலும் முன்கையில் தோன்றிச் சில நாளில் மறையும். புழு சிலவேளை கண்ணின் வெண்விழிப் படலத்தின் கீழே ஊர்ந்து செல்வதையும் காணலாம். குருதியில் இதன் நுண்புழுக்கள் மிகுந்துள்ள ஒருவருக்கு ஐவர்மெக்டின் அளித்தால் மூளை பாதிக்கப்படலாம். ஸ்ட்ராங்கிலாய்டஸ் நோயாளியைக் காக்கும் மருந்தே இங்குத் தீங்காகிறது. ‘ஏதோ புழு, ஒரு புழுமருந்து போதும்’ என்னும் எளிய தீர்வு செல்லாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

இவற்றுக்கு மாறாக, பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் உணவு, நீர் வழியாக உடலில் புகுந்தால் அவற்றின் இளவுயிரிகள் தோலுக்கு அடியில் வலியற்ற, நகராத சிறு முடிச்சுகளாகத் தங்குகின்றன. கொழுப்புக்கட்டி என்று புறந்தள்ளப்படும் அம்முடிச்சு, வலிப்புள்ள ஒருவரிடம் காணப்படின், மூளையிலும் அத்தகைய கட்டி இருக்கலாம் என்பதைச் சுட்டும் வெளிச்சான்றாகும்.

6. வேறுபடுத்தி அறிதல்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கும்போது, நோயாளியிடம் கேட்கத்தக்க வினாக்கள் சில தெளிவாகின்றன. தடிப்பு நகர்கிறதா, நின்ற இடத்திலேயே விரிகிறதா? நகர்ந்தால் நாட்கணக்கிலா, மணிக்கணக்கிலா? பாதத்தில் தோன்றியதா, பிட்டத்திலும் இடுப்பிலுமா? மறைந்தபின் அதே பகுதியில் மீள்கிறதா, வேறிடத்திலா? வெறுங்காலுடன் மண்ணில் உழைத்ததுண்டா, அது எத்தனை ஆண்டுகளுக்கு முன்னர் எனினும்? வேகாத மீன் உண்டதுண்டா? எந்நாட்டில் வாழ்ந்தார்? இவ்வினாக்களுக்குச் செலவேதும் இல்லை. ஊரக ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கமுடியும். நாட்கணக்கில் பாதத்தில் நீள்வது விலங்கின் கொக்கிப்புழு. மணிக்கணக்கில் பிட்டத்தில் ஓடுவது ஸ்ட்ராங்கிலாய்டஸ். வாரக்கணக்கில் வீங்கி இடம் மாறுவது நாத்தோஸ்டோமா எனும் அளவுக்கேனும் முதற்கட்ட வேறுபாடு இதனால் கிடைத்துவிடும். மறைந்துவிடும் கோட்டைக் கைப்பேசியில் நேரம் குறித்துப் படமெடுத்து வரச்சொல்வதும் இன்று எளிய வழியாகும்.

மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டின்றி வாங்கப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள், கோட்டின் சிவப்பையும் அரிப்பையும் தணித்து உண்மையை மறைக்கின்றன. நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவதற்கு முன் ஸ்ட்ராங்கிலாய்டஸ் பற்றி ஒருமுறை எண்ணிப்பார்ப்பது, மண்ணோடு உழைக்கும் மக்களிடையே பணியாற்றும் மருத்துவர்க்கு இன்றியமையாதது.

முடிவுரை

ஒட்டுண்ணிப் புழுக்களின் தோல் அறிகுறிகளுள், கண்ணில் நிலைத்து நின்றது நரம்புச் சிலந்தி. அது பெயர் பெற்றது, எண்ணப்பட்டது, ஒழிக்கவும்பட்டது. கண்ணில் நில்லாத ஸ்ட்ராங்கிலாய்டஸின் கோடு காணாக்கடிக்குள் மறைந்துகிடக்கிறது. தோல்குறியின் வடிவத்தோடு வேகம், இடம், மீளும் முறை ஆகியவற்றையும் கேட்டறிவதால் இவ்வகைப் புழுக்களைப் பெரும்பாலும் பிரித்தறிய இயலும் என்பதும், அவ்வாறு பிரித்தறியாது அளிக்கப்படும் மருந்து கேடாக முடியலாம் என்பதும் இக்கட்டுரையால் பெறப்படுகின்றன. ‘ஓடும் கோடு’, ‘அலையும் கோடு’ என்றாற்போல நகர்வைச் சுட்டும் சொற்கள் தமிழ் மருத்துவப் பாடநூல்களிலும் நலவாழ்வுக் கையேடுகளிலும் இடம்பெறுமாயின், நோயாளி தம் உடலில் கண்டதைச் சொல்லவும் மருத்துவர் அதனைக் கேட்டறியவும் அவை துணைசெய்யும்.